எந்தத் தீவு?

பல கரீபியன் தீவுகள் சேர்ந்து ஆடும் வெஸ்ட் இண்டீஸ் அணியின் ஆட்டக்காரர் யார் பெயரைச் சொன்னாலும் எங்கள் அப்பா கேட்கிற முதல் கேள்வி இதுதான். எத்தனை ரன், எத்தனை விக்கெட் எல்லாம் அப்புறம்.

1975 ஜனவரியில் சேப்பாக்கத்தில் நடந்த டெஸ்ட்டை நேரில் பார்த்தவர் அவர். விஸ்வநாத் 97 ரன்னோடு கடைசிவரை அவுட்டாகாமல் நின்ற ஆட்டம். அந்தத் தலைமுறைக்காரர்கள் யாரைக் கேட்டாலும் விஸ்வநாத்தைப் பற்றிப் பேசுவார்கள். அப்பா மட்டும் 64 ரன் கொடுத்து 7 விக்கெட் எடுத்த ஆண்டி ராபர்ட்ஸைப் பற்றிப் பேசுவார். "ஆன்டிகுவாக்காரர்மா. அவருக்கு முன்னால அந்தத் தீவுலேர்ந்து ஒருத்தர்கூட டெஸ்ட் ஆடினதில்ல." இதைச் சொல்லும்போது அவர் குரலில் ஏதோ நம் சொந்தக்காரப் பையன் வெளிநாட்டில் வேலைக்குப் போன மாதிரி ஒரு பெருமை இருக்கும்.

கரீபியன் கடலின் வரைபடத்தை நான் பள்ளியில் கற்கவில்லை. லாரா டிரினிடாட், வால்ஷ் ஜமைக்கா, ஆம்ப்ரோஸ் ஆன்டிகுவா, மார்ஷல் பார்படாஸ். சந்தர்பால் எந்தத் தீவு என்று கேட்டு, நான் "கயானா" என்று சொன்னதும், "கயானா தீவே இல்ல, தென் அமெரிக்காவுல இருக்கு" என்று சிரிப்பார். வருடத்துக்கு ஒரு முறையாவது அந்தப் பொறியில் யாராவது விழுவோம்.

2016 ஏப்ரல் 3 மதியம், கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ். பெண்கள் டி20 உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம். எதிரே, அதற்கு முந்தைய மூன்று கோப்பைகளையும் வரிசையாக வாங்கி வைத்திருந்த ஆஸ்திரேலியா. அவர்கள் எடுத்தது 148. சரி, வழக்கம்போல் முடிந்துவிடும் என்று நான் துணி மடிக்க உட்கார்ந்தேன். தொடக்க ஆட்டக்காரராக வந்த ஒரு பெண், மிட்விக்கெட் பக்கம் தூக்கி அடித்த விதத்தைப் பார்த்து மடிப்பதை நிறுத்தினேன். 18 வயது முடிந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது அவருக்கு. 45 பந்தில் 66. மறுமுனையில் கேப்டன் ஸ்டெஃபனி டெய்லர் நிதானமாக 59. முதல் விக்கெட்டுக்கே 120 ரன் சேர்ந்துவிட்டது. மூன்று பந்து மிச்சம் வைத்து, எட்டு விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தார்கள்.

"யாரும்மா இது?"

"ஹேலி மேத்யூஸ்."

"எந்தத் தீவு?"

"பார்படாஸ்ப்பா."

"அதானே" என்றார். ஆச்சரியப்படவே இல்லை.

அன்று இரவு அதே மைதானத்தில் கார்லோஸ் பிராத்வைட் கடைசி ஓவரில் நாலு பந்தில் நாலு சிக்ஸர் அடித்து ஆண்கள் கோப்பையையும் வாங்கிக் கொடுத்தார். அவரும் பார்படாஸ்தான். மறுநாள் எல்லோரும் அந்த நாலு சிக்ஸரைப் பற்றியே பேசினார்கள். மதியம் நடந்ததைப் பற்றிப் பேச எனக்கு அலுவலகத்தில் ஒரு ஆள் கிடைக்கவில்லை.

அப்பாவின் "அதானே"வுக்குக் காரணம் உண்டு. சென்னை மாநகராட்சியின் பரப்பு 426 சதுர கிலோமீட்டர். பார்படாஸ் நாடு முழுவதும் சேர்த்தே ஏறக்குறைய அவ்வளவுதான். மக்கள்தொகை மூன்று லட்சத்துக்கும் கீழே. நம் சென்னையின் ஒரு மண்டலத்திலேயே சராசரியாக அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள். அந்த இடத்திலிருந்துதான் வொரெல், வீக்ஸ், வால்காட் வந்தார்கள். மூவரும் பிரிட்ஜ்டவுன் கென்சிங்டன் ஓவல் மைதானத்தைச் சுற்றி ஒரு மைலுக்குள், 18 மாத இடைவெளிக்குள் பிறந்தவர்கள். அப்புறம் சோபர்ஸ், ஹால், கிரீனிட்ஜ், கார்னர், மார்ஷல், ஹெய்ன்ஸ். அப்பாவிடம் விட்டால் இன்னும் இருபது பெயர் சொல்வார். அதில் ஒரு பெண் பெயர்கூட இருக்காது என்பது எனக்கே ரொம்ப நாள் உறைக்கவில்லை.

டியான்ட்ரா டாட்டின் வந்த பிறகுதான் உறைத்தது. 2010 உலகக் கோப்பையில் 38 பந்தில் நூறு அடித்தார். பெண்கள் சர்வதேச டி20-யில் அதுதான் முதல் சதம். அவரும் பார்படாஸ். பள்ளி நாட்களில் குண்டு, தட்டு, ஈட்டி எல்லாம் எறிந்தவர். ஹேலியும் ஈட்டி எறிந்தவர்தான், அதுவும் நாட்டுக்காக. கவர் திசையிலிருந்து ஹேலி எறியும் பந்து கீப்பர் கைக்கு எப்படிப் போகிறது என்று பாருங்கள், தோளில் ஈட்டி இன்னும் இருப்பது தெரியும்.

பள்ளியில் ஆண் பிள்ளைகளோடு ஆடி வளர்ந்த ஹேலி, பார்படாஸ் பெண்கள் சீனியர் அணியில் ஆடத் தொடங்கியபோது அவருக்கு 12 வயது. 16 வயதில், 2014-ல், வெஸ்ட் இண்டீஸ் அணி. இந்த 12 என்ற எண்ணைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வயிறு எரிந்தது, ஒளிக்க என்ன இருக்கிறது. எனக்கு 12 வயதானபோது தெருவில் ஆடியது போதும் என்று மட்டையை வாங்கிப் பரண்மேல் போட்டார்கள். அப்பா அதை எதிர்த்தும் பேசவில்லை, ஆமோதித்தும் பேசவில்லை. ஒரு வாரம் கழித்து ஒரு நீள நோட்டையும் இரண்டு கலர் பேனாவையும் கொண்டுவந்து, ஸ்கோர் எழுதச் சொல்லிக்கொடுத்தார். அப்பா தன் ஆபீஸ் அணிக்குப் பல வருடம் ஸ்கோரராக இருந்தவர். எனக்கு அன்று அது ஆறுதல் பரிசாகத்தான் தெரிந்தது. இன்றும் ஓரளவுக்கு அப்படித்தான்.

2016-க்குப் பிறகான ஹேலியின் பாதை நேராக மேலே ஏறவில்லை. நடுவில் சில வருடங்கள் இறங்கியும் ஏறியும் போனது. 2022-ல் டெய்லரிடமிருந்து கேப்டன் பொறுப்பு கைக்கு வந்தது. அதற்கு அடுத்த வருடம் பிப்ரவரியில் மும்பையில் பெண்கள் பிரீமியர் லீகின் முதல் ஏலம். ஸ்மிருதி மந்தனா 3 கோடியே 40 லட்சத்துக்குப் போன அதே நாளில், ஹேலி மேத்யூஸ் பெயரை முதலில் வாசித்தபோது யாரும் கை தூக்கவில்லை. பிறகு இன்னொரு சுற்றில் மும்பை இந்தியன்ஸ் அடிப்படை விலையான 40 லட்சத்துக்கே எடுத்தது. மலிவு விலைக்கு நல்ல சரக்கு வாங்குவதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. தொடர் முடிந்தபோது அதிக விக்கெட்டுக்கான ஊதாத் தொப்பி ஹேலி தலையில் இருந்தது: 16 விக்கெட். இறுதி ஆட்டத்தில் நாலு ஓவர், அதில் ரன்னே கொடுக்காத மெய்டன் இரண்டு, 5 ரன், 3 விக்கெட். தொடக்க ஆட்டக்காரர் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். ஆஃப் ஸ்பின்னில் கோப்பையைச் சுருட்டிக் கொடுத்தார்.

அதே வருடம் காந்தி ஜெயந்தி விடுமுறை. வடக்கு சிட்னியில் ஆஸ்திரேலியா 212 அடித்தது. பெண்கள் சர்வதேச டி20-யில் அவ்வளவு பெரிய இலக்கை அதுவரை யாரும் எட்டியதில்லை. முந்தைய நாள்தான் ஹேலி 99 ரன் எடுத்து அவுட்டாகாமல் நின்றும் அணி தோற்றிருந்தது. அன்று 64 பந்தில் 132. ஒரு பந்து மீதம் வைத்து வெஸ்ட் இண்டீஸ் ஜெயித்தது. அப்பா ஸ்கோர் எழுதுவதை நடுவில் விட்டுவிட்டார். பவுண்டரிகளை எழுதும் கட்டத்தில் இடம் போதவில்லை என்று காரணம் சொன்னார். அந்த ஆண்டின் சிறந்த டி20 வீராங்கனை விருதை சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் (ஐசிசி) ஹேலிக்குக் கொடுத்தது.

இதுவரை சொன்னதை மட்டும் வைத்துப் பார்த்தால் இது ஒரு வெற்றிக் கதை. பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதின. என் மனதில் தங்கிப்போனது 2025 ஏப்ரல்.

இந்தியாவில் நடக்கவிருந்த 50 ஓவர் உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்று லாகூரில் நடந்தது. ஆறு அணிகள், இரண்டுக்குத்தான் இடம். முதல் ஆட்டம் ஸ்காட்லாந்தோடு. ஹேலி பந்துவீசி 4 விக்கெட் எடுத்தார். பிறகு தொடக்க ஆட்டக்காரராக இறங்கினார். வெயிலில் தசைப்பிடிப்பு வந்து, ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தார். நொண்டிக்கொண்டே ஆடி 114 ரன்னோடு அவுட்டாகாமல் நின்றார். மறுமுனையில் ஆள் தீர்ந்துபோய் 11 ரன்னில் தோற்றார்கள். ஆட்டம் முடிந்தபோது அவர் முகத்தில் கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். வெறும் களைப்புதான் இருந்தது.

அந்த 11 ரன்னின் விலை பத்து நாள் கழித்துத் தெரிந்தது. ஏப்ரல் 19, சனிக்கிழமை. பாகிஸ்தான் ஏற்கெனவே தேறிவிட்டது. மிச்சமிருந்த ஓரிடத்துக்கு பங்களாதேஷும் வெஸ்ட் இண்டீஸும். பங்களாதேஷ் அன்று பாகிஸ்தானிடம் தோற்றது. வெஸ்ட் இண்டீஸ் தாய்லாந்தை ஜெயித்தால் இரண்டுக்கும் சமப் புள்ளி. பிறகு நெட் ரன் ரேட்.

நெட் ரன் ரேட் என்பது நாம் ஒரு ஓவருக்கு எடுத்த சராசரி ரன்னிலிருந்து, கொடுத்த சராசரி ரன்னைக் கழித்தால் வருவது. கேட்க எளிது. ஆனால் துரத்தும் அணிக்கு அதில் ஒரு சூட்சுமம் உண்டு. வேகமாக ஜெயிக்க வேண்டும், அதோடு கடைசி அடி பெரியதாகவும் இருக்க வேண்டும்; அந்த அடியில் இலக்கைத் தாண்டி வரும் ரன்னும் கணக்கில் சேரும். தாய்லாந்து எடுத்தது 166. ஆக இலக்கு 167, அதை 10.1 ஓவருக்குள், அதாவது பத்து ஓவரும் ஒரு பந்தும் முடிவதற்குள், எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்கோரைச் சமன் செய்துவிட்டு, ஜெயிக்கும் அடியைச் சிக்ஸராக அடித்தால் 11 ஓவர்வரை அவகாசம் கிடைக்கும். தினசரி காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் நானும் அப்பாவும் தனித்தனியாகக் கணக்குப் போட்டோம். அம்மா எட்டிப் பார்த்தாள்.

"இந்தியா ஆடுதா?"

"இல்லம்மா. வெஸ்ட் இண்டீஸும் தாய்லாந்தும்."

"அதுக்கா ரெண்டு பேரும் சோறு இறங்காம உக்காந்திருக்கீங்க?"

50 ஓவர் ஆட்டத்தில் பத்து ஓவரில் 167! ஹேலி 29 பந்தில் 70 அடித்தார். சினெல் ஹென்றி 17 பந்தில் 48. எனக்குக் கை நடுங்கியது. கடைசியில் 10.5 ஓவரில் 168. ஆட்டத்தில் ஜெயித்தார்கள். பங்களாதேஷின் ரன் ரேட் 0.639. வெஸ்ட் இண்டீஸின் ரன் ரேட் 0.626.

0.013. அந்தக் காலண்டர் தாள் இன்னும் என் பர்ஸில் இருக்கிறது.

ஸ்காட்லாந்தோடு 12 ரன் கூடுதலாக எடுத்திருந்தால் இந்தக் கணக்கே தேவைப்பட்டிருக்காது. அன்று ஒரே ஆள் நூறு ரன்னும் அடித்து நாலு விக்கெட்டும் எடுத்திருக்கிறார். மற்ற பத்துப் பேரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கரீபியனில் பெண்களுக்கான உள்ளூர்ப் போட்டி என்பது பார்படாஸ், கயானா, ஜமைக்கா, டிரினிடாட் டொபாகோ, லீவர்ட் தீவுகள், விண்ட்வர்ட் தீவுகள் என்று ஆறு அணிகள், வருடத்தில் சில வாரங்கள். 2022-ல் தொடங்கிய பெண்கள் கரீபியன் பிரீமியர் லீகில் மூன்றே அணிகள். ஜமைக்காவிலிருந்து பார்படாஸ் போக, நம் சென்னையிலிருந்து டெல்லி போவதைவிட அதிக தூரம் கடல்மேல் பறக்க வேண்டும். ஒவ்வொரு தீவுக்கும் தனிக் கொடி, தனி அரசாங்கம், தனிப் பணப்பை. இப்படி இருக்கும்போது பத்து வருடத்துக்கு ஒரு ஹேலி வந்தாலே பெரிது. வந்துவிட்டால் அவர் தலையிலேயே எல்லாச் சுமையும் ஏறிவிடுகிறது. வீட்டில் சம்பாதிக்கிற பிள்ளை ஒன்றுதான் என்றால் என்ன நடக்குமோ அதுதான் அங்கும்.

2024 அக்டோபரில் டி20 உலகக் கோப்பையில், துபாயில் இங்கிலாந்தை வீட்டுக்கு அனுப்பிய ஆட்டம் எனக்கு நினைவு வராமல் இல்லை. ஹேலியும் கியானா ஜோசப்பும் ஆளுக்கு ஓர் அரைச் சதம் அடித்தார்கள், முதல் விக்கெட்டுக்கு 102. துணைக்கு ஒருவர் நின்றாலே போதும், ஹேலி வேறு ஆளாகிவிடுகிறார். மூன்று நாள் கழித்து ஷார்ஜாவில் நியூசிலாந்திடம் 8 ரன்னில் அரையிறுதியைத் தோற்றார்கள் என்பது வேறு விஷயம்.

லாகூர் ராத்திரிக்குப் பிறகு அப்பா அந்த நீள நோட்டுகளில் ஒன்றைத் தேடி எடுத்தார். அட்டையில் "2022 – ஜூலை முதல்" என்று எழுதியிருந்தது.

இதைச் சொல்ல ஒரு விளக்கம் வேண்டும். வெஸ்ட் இண்டீஸ் என்று ஒரு நாடு கிடையாது. அந்தப் பெயரில் ஓர் அணி இருப்பது கிரிக்கெட்டில்தான். காமன்வெல்த் விளையாட்டில் நாடுகள்தான் கலந்துகொள்ள முடியும். 1998-ல் கோலாலம்பூரில் ஆண்கள் கிரிக்கெட் வைத்தபோதும் பார்படாஸ், ஜமைக்கா, ஆன்டிகுவா எல்லாம் தனித்தனியாகத்தான் ஆடின. 2022 பர்மிங்காமில் பெண்கள் டி20 சேர்க்கப்பட்டபோது, கரீபியன் தீவுகளுக்கு ஓரிடம். உள்ளூர் டி20 போட்டியில் ஜெயிக்கும் தீவு போகட்டும் என்று முடிவு செய்தார்கள். கொரோனாவால் அந்தப் போட்டி நடக்கவில்லை. கடைசியாக ஜெயித்திருந்தது பார்படாஸ் என்பதால் அவர்களையே அனுப்பினார்கள். அந்த ஆட்டங்களுக்கு ஐசிசி முழு சர்வதேச அந்தஸ்தும் கொடுத்தது.

"ஏம்மா, பார்படாஸ்னு தனி டீமா?" அப்பா மூன்று முறை கேட்டார். நான் ஆமாம் என்று சொன்ன பிறகும் பேனாவை எடுக்கவில்லை. அணி பெயர் எழுதும் இடத்தில் வழக்கமாக "வெ.இ." என்றுதான் போடுவார். அன்று நிதானமாக, முழுதாக, "பார்படாஸ்" என்று எழுதினார்.

ஜூலை 29, நமக்கு இரவு பத்தரை. எட்ஜ்பாஸ்டன் மைதானம், எதிரணி பாகிஸ்தான். சட்டையில் மெரூன் நிறம் இல்லை, நீலமும் மஞ்சளும். பார்படாஸ் குடியரசாகி அப்போது எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. கேப்டன் ஹேலி 51. கைசியா நைட் 62, அவுட்டாகவில்லை. கைசியாவும் கைஷோனாவும் இரட்டைப் பிறவிகள், இருவருமே அந்த அணியில். அப்பா ஸ்கோர் புத்தகத்தில் "கை. நைட்" என்று எழுதிவிட்டு, எந்தக் கை என்று அடுத்த ஓவர் முழுக்கத் தவித்தார். 144 எடுத்து, 15 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். மணி இரண்டை நெருங்கும்போது நாங்கள் இருவரும் அம்மா எழுந்துவிடக் கூடாதே என்று சத்தமில்லாமல் கை தட்டினோம்.

இரண்டு நாள் கழித்து ஆஸ்திரேலியாவோடு 64-க்கு ஆல் அவுட். போட்டிகள் முடிவதற்கு முன்பே டாட்டின், வெஸ்ட் இண்டீஸ் அணிக்கு இனி ஆடப்போவதில்லை, அணியின் சூழ்நிலை சரியில்லை என்று அறிவித்துவிட்டார். ஆகஸ்ட் 3-ல் இந்தியாவோடு ஆட்டம். அன்று அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. யார் பக்கம் என்று நான் கேட்டதற்கு, "ஸ்கோரருக்குப் பக்கம் கிடையாது" என்றார். இந்தியா 162. ரேணுகா சிங் 10 ரன்னுக்கு 4 விக்கெட். டாட்டினையும் ஹேலியையும் அவரே எடுத்தார். பார்படாஸ் 62-ல் முடிந்தது. இந்தியா ஜெயித்த சந்தோஷத்தை நான் அறைக்குப் போய்க் கொண்டாடினேன்.

அவ்வளவுதான் பார்படாஸ் என்ற சர்வதேச அணியின் வரலாறு. பக்கத்தின் அடியில் அப்பா சிவப்புப் பேனாவால் கோடு போட்டு எழுதியிருந்தார்: ஆட்டம் 3, வெற்றி 1, தோல்வி 2. அடுத்த இரண்டு வருடத்துக்குள் நைட் சகோதரிகளும் வேகப்பந்து வீச்சாளர் ஷகேரா செல்மனும் ஒரே நாளில் ஓய்வை அறிவித்தார்கள். டாட்டின் மட்டும் 2024-ல் திரும்பி வந்தார். 2026 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் கிரிக்கெட்டையே எடுத்துவிட்டார்கள். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட் உண்டு, ஆனால் ஆறே அணிகள். அங்கும் வெஸ்ட் இண்டீஸ் என்ற பெயருக்கு இடமில்லை, ஏதாவதொரு தீவின் கொடியோடுதான் போக முடியும்.

2025 நவம்பர் 2-ல் நவி மும்பை டி.ஒய். பாட்டீல் மைதானத்தில் இந்தியப் பெண்கள் உலகக் கோப்பை வாங்கினார்கள். மும்பை இந்தியன்ஸ் சட்டையில் ஹேலி முதன்முதலாக இறங்கிய மைதானம். தெருவெல்லாம் பட்டாசு. மறுநாள் மீதமான தாளில் மளிகைக் கணக்கு எழுதலாம் என்று அலமாரியைத் துழாவினேன். 2022 நோட்டு கையில் வந்தது. பார்படாஸ் பக்கத்துக்குப் பிறகு ஆறேழு தாள் வெறுமையாக இருந்தது. ஒன்றைக் கிழிக்கப் போனேன்.

"அதுல வேணாம்மா" என்றார் அப்பா, பேப்பரிலிருந்து தலை தூக்காமல். "வேற நோட்டு எடுத்துக்கோ."

"சும்மாதானேப்பா கிடக்குது?"

"கிடக்கட்டும். அந்தப் பொண்ணுக்கு 2028-ல என்ன வயசு?"

"முப்பது."

"அப்ப விடு."